ஓகஸ்ட் மாதத்துச் சம்பளம்

"வாத்திமாருக்கென்ன, ஒன்பது மாத வேலைக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம்!" என்று எங்கள் ஊரிற் சொல்வார்கள். சலூன் வாங்கிலிருந்து கோயில் வீதிவரை இவ்வசனத்தைப் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். கமக்காரர் சொல்லும்போது அதில் ஒரு பெருமூச்சு இருக்கும். கடைக்காரர் சொல்லும்போது பழைய பாக்கியின் நினைவூட்டல் இருக்கும். பதிலிறுப்பதற்கு என்னிடம் கணக்குகள் பல இருந்தன: வீட்டுக்குக் காவிவரும் விடைத்தாள்கள், பஸ்ஸிற் கழியும் மணித்தியாலங்கள், சனிக்கிழமைகளில் நடைபெறும் கருத்தரங்குகள். அவற்றை நான் உரத்த குரலிற் சொல்வதும் உண்டு. ஆனால், அதே வசனத்தை ஒருநாள் நானே இன்னொருவருக்கு எதிராக எடுத்து வீசினேன். அதைப்பற்றி எழுதவேண்டுமென நெடுநாள் எண்ணியிருந்தேன்.

முதலில் எங்கள் ஓகஸ்ட் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொரோனாக் காலத்துக்கு முன்னர், இரண்டாந் தவணை ஓகஸ்ட் முதல் வாரத்தில் முடிவடையும். மூன்றாந் தவணை செப்டெம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகும். இடைப்பட்ட ஒரு மாத காலமும் நிரந்தர ஆசிரியனுக்குச் சம்பளத்துடன்கூடிய விடுமுறை. அது பொய்யன்று. சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்தே தீரும். வந்தபின் என்ன எஞ்சுகிறது என்பது வேறு கதை. 2019 ஆம் ஆண்டில் என் சம்பளப் பட்டியலில் மொத்தத் தொகை 40,000 ரூபாவை அண்டியிருந்தது. வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாவும் அதனுள் அடக்கம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியம், அக்ரஹாரக் காப்புறுதி, இடர்கடன் தவணை, வீட்டுக் கூரைக்காக வங்கியிற் பெற்ற கடன், சித்திரையில் எடுத்த 10,000 ரூபா பண்டிகை முற்பணத்தின் தவணை, தொழிற்சங்கச் சந்தா, முத்திரைக் கட்டணம் 25 ரூபா ஆகிய யாவும் கழிந்து என் கையிற் சேர்வது 22,000 ரூபாதான். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், வேரிலே நீர் ஊற்றுமுன் வாய்க்காலிலேயே வற்றிப்போகும் தோட்டத்து இறைப்புத்தான் என் நினைவுக்கு வரும்.

மற்றைய மாதங்களிற் பஸ் செலவு உண்டு. ஓகஸ்டில் அது மிச்சம். ஆனால் நல்லூர்த் திருவிழா வரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவர். ஆவணியிற் கலியாண வீடுகள் வரிசையில் நிற்கும். எனவே ஆசிரியர்கள் தத்தமக்குத் தெரிந்த வழிகளில் அம்மாதத்தைக் கடப்பர். சீட்டுப் பிடிப்போர் ஓகஸ்ட் கூறலைக் கண்வைத்துப் பங்குனியிலேயே சேர்வர். மனைவியின் காப்பு அம்மாதத்தில் ஒருமுறை வங்கியின் அடகுப் பெட்டிக்குப் போய்வரும். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்போருக்கு ரியூசன் உண்டு. ஓகஸ்டிற் காலை வகுப்பு, மாலை வகுப்பு என இரட்டிப்பாகும். உயர்தரப் பரீட்சை அக்காலத்தில் ஓகஸ்டிலேதான் நடைபெற்றது. என் போன்ற தமிழ்ப் பட்டதாரிகள் நோக்குநர் கடமையைக் கேட்டு வாங்குவோம். அப்படியின் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பது தெரிந்தே அதனையும் அடுத்த கடனுக்கு ஈடாக மனத்திற் குறித்துவைப்போம். இத்தனை வித்தைகளையும் ஆசிரியர் அறையிற் பேசிச் சிரிப்பதில் எங்களுக்கு ஒரு தோழமை இருந்தது. நாம் எல்லோரும் ஒரே தோணியில் இருக்கிறோம் என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன்.

நான் கற்பித்த பாடசாலை கிளிநொச்சி மாவட்டத்தின் உட்புறத்தே ஒரு குடியேற்றக் கிராமத்தில் உள்ளது. 2015 ஆம் ஆண்டில் எனக்கு நியமனம் அங்கே கிடைத்தது. வடமராட்சியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, கொடிகாமத்திற் பஸ் மாறி, ஆனையிறவைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். போரின் பின் மக்கள் மீளக் குடியேறியபோது மரநிழலிற் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. கட்டடம் பின்னர் வந்தது. தளபாடம் அதற்குப் பின்னர் வந்தது. கணித ஆசிரியர் மட்டும் வரவேயில்லை. தமிழ் கற்பிக்க மூவர் இருந்தோம். நியமனம் பெற்று வரும் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் ஈராண்டு முடிவதற்குள் நகரத்துக்கு மாற்றலாகிச் செல்வர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. நானும் ஒவ்வோர் ஆண்டும் மாற்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவன்தான்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் அக்கிராமத்திலேயே பிறந்த ஓர் இளம்பெண். கணிதப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளி எட்டாதவர். 2012 ஆம் ஆண்டு தொடக்கம் தொண்டர் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் அவரைக் 'கணக்கு ரீச்சர்' என்றே அழைத்தனர். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதற் பதினோராம் வகுப்புவரை கணிதம் முழுவதும் அவருடைய தலையிலேயே இருந்தது. எங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்திற் கணிதம் சித்தியெய்தினார்கள் எனில் அது அவராலேதான். அப்பெறுபேறுகள் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் அறிக்கையில் ஏறும். அதிபருக்குப் பாராட்டுக் கிடைக்கும். பரிசளிப்பு விழாவில் எங்கள் அனைவருக்கும் மாலை விழும். அவருடைய பெயர் ஆசிரியர் வரவு இடாப்பில் இல்லை. அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையிற் கிடந்த எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் அவர் நாள்தோறும் கையொப்பமிடுவார்.

அவருடைய மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பெற்றோர் மாதம் நூறு ரூபா வீதம் கொடுப்பதும், வெளிநாட்டிலுள்ள ஊரவர் இடைக்கிடை அனுப்புவதும் சேர்ந்த நிதியிலிருந்து அது வழங்கப்பட்டது. பாடசாலை நடைபெறும் மாதங்களுக்கு மட்டுமே. ஏப்ரலில் அரைவாசி, ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் ஒன்றுமில்லை. அதுவும் 2019 ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரல் 21 ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் பாடசாலைகள் மே மாதத்திலேயே மீளத் திறந்தன. திறந்தபின்னரும் அச்சத்தினாற் பிள்ளைகள் பல நாள் வரவில்லை. வராத பிள்ளைகளின் பெற்றோர் நூறு ரூபாவை எப்படிக் கொடுப்பர்? எங்களுக்கோ ஏப்ரற் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஆசிரியர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நான் அப்போது நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். தவணை இறுதி நாளின் விருந்து, இடமாற்றம் பெற்றுச் செல்பவருக்குப் பரிசு ஆகியவை பற்றிப் பேசி முடிந்தபின், மனையியல் கற்பிக்கும் மூத்த ஆசிரியை ஒருவர், "அந்தக் கணக்குப் பிள்ளைக்கு இந்த ஓகஸ்டுக்கும் ஏதும் குடுக்க வேணும். தாய்க்காரிக்கும் சுகமில்லை. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலென்ன?" என்றார்.

நான் எழுந்து சொன்னேன்: "ஓகஸ்டில படிப்பிப்பு இல்லைத்தானே அக்கா. வேலை இல்லாத மாதத்துக்கு என்னெண்டு குடுக்கிறது? நாளைக்குக் கணக்குப் பாக்கிறவன் கேட்டால் என்ன சொல்லுறது?"

எவரும் மறுத்துப் பேசவில்லை. நியாயமான பேச்சு எனத் தலையசைத்தனர். கூட்டறிக்கையில் 'சாத்தியமில்லையெனத் தீர்மானிக்கப்பட்டது' என்று நானே எழுதினேன். அவ்வேளை கணக்கு ரீச்சர் எங்கே இருந்தார்? நாங்கள் அனைவரும் கூட்டத்தில் இருந்தமையால், எல்லா வகுப்புகளையும் அவரே தனியாளாக விறாந்தையில் நடந்து மேய்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே அவருடைய குரல் எங்களுக்குக் கேட்டது.

உண்மையைச் சொல்வதானால், கணக்காய்வைப் பற்றி எனக்கு யாதொரு கவலையும் இருக்கவில்லை. அந்த மாதம் சீட்டுக்காசு கட்டவேண்டியிருந்தது. முந்நூறோ ஐந்நூறோ போய்விடுமே என்பதே என் கவலை. அதனை அவ்வாறே சொல்ல வெட்கப்பட்டு ஒழுங்குமுறையின் பெயராற் சொன்னேன். நடுத்தர வர்க்கத்தவனின் கஞ்சத்தனம் எப்போதும் ஒரு சுற்றுநிருபத்தைத் தேடிக்கொள்ளும். என்னுடையது சுற்றுநிருபம் இல்லாமலே சமாளித்துக்கொண்டது.

ஓகஸ்ட் வந்தது. நல்லூரிற் கொடியேறி இரண்டு கிழமை கழிந்திருந்தது. சம்பளம் கிடைத்த மறுநாள், துணைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பெரிய கடைப் பகுதியில் ஒரு புடவைக்கடைக்குப் போனேன். திருவிழாச் சனம் கடையின் படிவரை நெருக்கியடித்தது. பிள்ளைகளின் உடுப்புப் பகுதியில், மேசைமேல் மலைபோற் குவிந்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். கணக்கு ரீச்சர்.

"வாங்கோ சேர். அக்கா வாங்கோ. பிள்ளைக்கே பாக்கிறியள்?"

நான்தான் தடுமாறினேன். "ரீச்சர், நீங்கள் இஞ்சை…?"

"லீவுதானே சேர். திருவிழா முடியுமட்டும் ஆள் எடுத்தவை. நாளுக்கு எண்ணூறு. மத்தியானச் சாப்பாடும் தருகினம். கொக்குவிலிலை மாமி வீட்டை நிக்கிறன்" என்றார். அவருடைய குரலில் யாதொரு கூச்சமும் இருக்கவில்லை. மகளின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, சரியான அளவுச் சட்டை ஐந்தை எடுத்து விரித்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, "சேர், உங்கட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையளின்ர கணக்குக் கொப்பியள் இன்னும் திருத்தி முடியேல்லை. மாமி வீட்டுக்குக் கொண்டந்து வைச்சிருக்கிறன். இரவிலை கொஞ்சங் கொஞ்சமாத் திருத்துறன். பள்ளிக்கூடம் துடங்கேக்கை குடுத்துடுவன்" என்றார்.

மேற்பார்வை செய்பவர் அப்பாலிருந்து, "பிள்ளை, கதைச்சுக்கொண்டு நிக்காதை, அங்காலை ஆக்கள் நிக்கினம்" என்று குரல் கொடுத்தார். அவர் போய்விட்டார்.

சட்டைக்கு 1,850 ரூபா கொடுத்தேன். ஓகஸ்டிற் கற்பித்தல் இல்லைத்தான். எனக்கும் இல்லை. நான் பரீட்சை மண்டபத்தில் நாலு நாள் நின்றதைத் தவிர அம்மாதம் முழுவதும் என் மாணவர் எவருடைய கொப்பியையும் தொடவில்லை. எனக்குச் சம்பளம் வந்திருந்தது. நாள் முழுவதும் நின்று துணி மடித்துவிட்டு, இரவிற் கொப்பி திருத்துபவருக்கு வரவில்லை. அவர் என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளையே திருத்திக்கொண்டிருந்தார் என்பது, கடையைவிட்டு இறங்கிய பின்னரே எனக்குள் மெல்ல இறங்கியது.

அன்றிரவு இதனை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் தம் தகப்பனாரின் கதையைச் சொன்னார். என் பாட்டனார் ஆசிரியர். நாற்பதுகளின் நடுப்பகுதியில் ஓர் உதவி நன்கொடை பெறும் பாடசாலையிற் சேர்ந்தவர். இலவசக் கல்வி 1945 இல் வந்துவிட்டது. ஆயினும் அவருடைய சம்பளம் மனேச்சரின் கையினூடாகவே வந்தது. கையொப்பமிடும் தொகை ஒன்று. கைக்கு வரும் தொகை வேறொன்று. மீதி, பாடசாலைக் கட்டட நிதிக்கு அவர் 'விரும்பிக் கொடுத்தது'. ஓகஸ்ட் விடுமுறையில் மனேச்சரைக் காண்பதே அரிது. பள்ளிக்கூடம் திறந்த பின்னரே அம்மாதச் சம்பளம். அதுவும் மனேச்சரின் மனநிலையைப் பொறுத்தது. பாட்டனார் அந்நாட்களிற் சுருட்டுக் கொட்டில் முதலாளி ஒருவரிடம் கடன்பட்டு, கொட்டிலின் கணக்குகளை எழுதிக்கொடுத்து அக்கடனைத் தீர்ப்பாராம். பாட்டி பனம்பழக் காலத்திற் பனாட்டுப் போட்டு விற்பாராம். வீட்டிற் பனாட்டு மணந்தால் அப்புவுக்குச் சம்பளம் வரவில்லை என்று அர்த்தம் என அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகவும் அடுத்த ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. அதனை எதிர்த்தோரும் இந்நாட்டிற் பலர். அவர்களுடைய காரணங்கள் எல்லாம் அற்பமானவை என்று நான் சொல்லேன். ஆனால் என் பாட்டனார் அதனை ஒரேயொரு காரணத்துக்காக வரவேற்றார். மனேச்சரின் வீட்டுத் திண்ணையிற் காத்திருக்கும் வேலை ஒழிந்தது. இடதுசாரிகளும் ஆசிரியர் சங்கங்களும் பல்லாண்டு கேட்டுப் பெற்ற அந்த ஒழுங்கின் பயனை அனுபவிப்பவன் நான். பெற்றவன் அதனை ஒரு கோட்டையாக்கி வாயிலில் நின்று மற்றவரின் அனுமதிச் சீட்டைப் பரிசோதிக்கலாமா என்ற கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. மனேச்சர் போய் அறுபது ஆண்டாகிறது. அவருடைய இழுப்பறைக் கொப்பி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அதன் செயலாளராக நான் இருந்தேன்.

செப்டெம்பரிற் பாடசாலை தொடங்கியதும், கூட்டத்தைக் கூட்டுமாறு நானே கேட்டேன். ஜூலையிற் சொன்னதை மீளப்பெறுவதாகச் சொன்னேன். கடையிற் கண்டதைச் சொல்லவில்லை. அது அவருடைய விடயம். ஆளுக்கு மாதம் முந்நூறு ரூபா வீதம் போட்டால், விடுமுறை மாதங்களுக்கும் கொடுப்பனவு வழங்கலாம் என்று முன்மொழிந்தேன்.

எதிர்ப்பு நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எங்களுள் மிகத் தீவிரமான தொழிற்சங்கவாதி, பல போராட்டங்களிற் பொலிஸாரின் தடியடியைக் கண்டவர், எழுந்தார். "நாங்கள் காசு சேத்துக் குடுக்கக் குடுக்க, வெற்றிடம் இல்லையெண்டு அரசாங்கம் சொல்லிக்கொண்டிருக்கும். இது தருமம். தருமம் உரிமையைக் கொல்லும். நியமனத்துக்குப் போராடுவம், காசு சேக்க வேண்டாம்" என்றார். அவருடைய வாதத்தில் உண்மை இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெற்றோரின் நூறு ரூபாவும் எங்கள் முந்நூறு ரூபாவும் சேர்ந்து, அரசு செய்யவேண்டிய கடமையின் மீது ஒரு திரைச்சேலையைத் தொங்கவிடுகின்றன. வறிய கிராமமே தன் பிள்ளைகளின் கணித ஆசிரியருக்குப் படியளக்க, நகரத்துப் பெரிய கல்லூரியில் அரசு சம்பளம் கொடுக்கும் கணித ஆசிரியர் ஐவர் இருப்பதைத்தான் நாம் இலவசக் கல்வி என்கிறோம்.

மனையியல் ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் போராடி வெல்லுமட்டும் அந்தப் பிள்ளை என்னத்தைச் சாப்பிடுறது?" என்றார். தொழிற்சங்க நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் தம் சட்டைப்பையிலிருந்து முந்நூறு ரூபாவை எடுத்து மேசைமீது வைத்துவிட்டு, தம் ஆட்சேபத்தைக் கூட்டறிக்கையிற் பதியும்படி கேட்டார். பதிந்தேன். இரண்டும் சரியென்றே எனக்குத் தோன்றியது. பதினெட்டுப் பேரிற் பதினொருவர் கொடுத்தனர்.

இங்கே ஒரு சிறு விலகல். என்னுடன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவரின் தமக்கை அமெரிக்காவிற் பாடசாலை ஆசிரியை. அவர் விடுமுறையில் வந்திருந்தபோது அங்குள்ள நிலைமையைக் கேட்டேன். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும் பல இடங்களில் ஆசிரியருக்குப் பத்து மாதத்துக்கே சம்பளம் எனவும், அத்தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டுத் தரும்படி கேட்காதோர் கோடை முழுவதும் வருவாயின்றி இருப்பர் எனவும், பலர் கடைகளிலும் முகாம்களிலும் வேலைக்குச் செல்வர் எனவும் சொன்னார். அக்காலத்துக்கு வேலையற்றோர் உதவிப்பணமும் அவர்களுக்குக் கிடையாது. அடுத்த தவணையில் வேலை கிடைக்கும் என்னும் நியாயமான உறுதிப்பாடு இருப்பவருக்கு விடுமுறைக்கால உதவி வழங்கப்படமாட்டாது என்பது அங்குள்ள சட்ட ஒழுங்கு. நியாயமான உறுதிப்பாடு! பசியை அடுத்த தவணைவரை ஒத்திவைக்க இதைவிட நாகரிகமான சொற்றொடரை எவரும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கணக்கு ரீச்சருக்கு அந்த உறுதிப்பாடுகூட எழுத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு தவணையின் முதல் நாளும், நிரந்தரக் கணித ஆசிரியர் எவரேனும் வந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டே அவர் வகுப்பினுள் நுழைவார்.

அந்த ஆண்டிறுதியில், சேவைச் சான்றுகளுடன் வருமாறு அவருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நியமனத்துக்கான வழி திறக்கிறது என நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம். இரண்டு பிற்பகல்கள் நானும் அவரும் அலுவலகத் தூசியுள் அமர்ந்து, சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அதிபர்மார் மூவர் மாறியிருந்தனர். வலய அதிகாரி வந்துபோனது, கிணற்றடிச் சுவர் இடிந்தது, மாணவனைப் பாம்பு கடித்தது எல்லாம் பதியப்பட்டிருந்தன. ஏழாண்டுகளில் அவருடைய பெயர் இரண்டு இடங்களிலேதான் காணப்பட்டது. எனவே, இழுப்பறைக் கொப்பிகளையும் கொடுப்பனவு உறுதிச்சீட்டுகளையும் கட்டாகக் கட்டிக் கொண்டுபோனார்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி உறுதிச்சீட்டுகளை மாத வரிசையில் அடுக்கிப் பார்த்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டிலும் ஓகஸ்ட் இல்லை, டிசெம்பர் இல்லை. "இது தொடர்ச்சியான சேவை இல்லையே. இந்த மாதங்களிலை நீங்கள் வேலை செய்யேல்லைத்தானே?" என்று கேட்டாராம்.

"என்ன சேர் சொல்லுறது? கொப்பி திருத்தினனான் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? பேசாமல் வந்திட்டன்."

அந்த அதிகாரி முரடரல்லர் என்றும், இருக்கை தந்து, தண்ணீரும் கொடுத்தார் என்றும் அவர் சொன்னார். ஜூலைக் கூட்டத்தில் நானும் மரியாதையாகத்தான் பேசியிருந்தேன். முந்தைய ஆண்டுகளின் உறுதிச்சீட்டுகளில் ஓகஸ்ட் மாதத்தை வெற்றாக விட்டவர்கள் எனக்கு முன்னிருந்த செயலாளர்கள். 2019 ஓகஸ்டை வெற்றாக விட்டவன் நான். அந்த அதிகாரியின் கேள்வியிலுள்ள சொற்களை அநேகமாக எழுத்துக்கு எழுத்து நானே முதலிற் சொல்லியிருந்தேன். அவருக்கு அது தெரியாது. இன்றும் தெரியாது என்றே நினைக்கிறேன். இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமானால் தெரியும்.

பின்னர் வந்த காலத்தை விரிவாக எழுத வேண்டியதில்லை, எல்லோரும் பட்டதுதான். 2020 மார்ச் நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. எங்கள் வீட்டுக்குச் சம்பளம் தவறாமல் வந்தது. பெற்றோர் கூலிவேலை இழந்திருந்தமையால் நூறு ரூபா நிதி முற்றாக வற்றியது. எங்கள் முந்நூறு ரூபாவும் மூன்றாம் மாதத்துடன் ஓய்ந்தது. சிலர் கொடுக்க மறந்தனர். கேட்பதற்கு நான் கூசினேன். அந்தக் காலத்திலும் கணக்கு ரீச்சர், தம் வீட்டு மாமரத்தடியிற் பத்துப் பத்துப் பேராகப் பிள்ளைகளை இருத்திக் கற்பித்தார்.

2021 ஜூலை 12 ஆந் திகதி முதல் நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். 1997 ஆம் ஆண்டு தொடக்கம் இருபத்துநான்கு ஆண்டுகளாக நீடித்த சம்பள முரண்பாட்டை நீக்குமாறு கேட்டோம். நூறு நாட்களுக்கு மேல் நின்றுபிடித்தோம். சிங்கள, தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் ஒரே கோரிக்கையின்கீழ் நின்ற அந்த நாட்களை நான் மதிக்கிறேன். சுபோதினி குழு பரிந்துரைத்த தொகையில் மூன்றிலொன்று 2022 ஜனவரி முதற் கிடைத்தது. மீதி மூன்றில் இரண்டைக் கேட்டு 2024 ஜூன் 26 ஆந் திகதி சுகவீன விடுமுறையில் மீண்டும் வீதிக்கு இறங்கினோம். இவற்றுக்காக நான் வருந்தவில்லை. ஆனால், நான் கலந்துகொண்ட கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் பேசுவதற்கு எனக்கு இடம் கிடைத்தது. முரண்பாடு என்னும் சொல்லை நான் எத்தனையோ தடவை உச்சரித்தேன். என் சம்பளத்துக்கும் அதிபரின் சம்பளத்துக்கும் இடையிலான முரண்பாட்டையே ஒவ்வொரு முறையும் குறிப்பிட்டேன். அடுத்த வகுப்பறையில் 6,000 ரூபாவுக்கு நின்றவரைப்பற்றி ஒருமுறையேனும் வாய் திறக்கவில்லை.

2022 ஆம் ஆண்டில் விலைகள் ஏறிய விதத்தில் 6,000 ரூபாவுக்கு அர்த்தமே இல்லாமற் போயிற்று. பெற்றோல் ஜூன் இறுதியில் லீற்றர் 470 ரூபா. செப்டெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்ட அந்த நாட்களிலேதான் கணக்கு ரீச்சர் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பத்தாண்டு கற்பித்தமைக்குப் பிரியாவிடை விருந்து ஏதும் நடைபெறவில்லை. நலன்புரிச் சங்கத்தின் யாப்பு நிரந்தர ஆசிரியருக்கே விருந்து என்கிறது.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அவரைப் பஸ் தரிப்பிடத்திற் கண்டேன். தொழிற்சாலையின் வாகனத்திலிருந்து இறங்கி வந்தார். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. தாயாரின் சுகத்தைக் கேட்டேன். 2023 இல் இறந்துவிட்டதாகச் சொன்னார். வேலை எப்படி என்று கேட்டேன்.

"நிண்டு கால் உளையும் சேர். எண்டாலும் ஈ.பி.எப். கட்டுறாங்கள். ஓகஸ்டிலையும் சம்பளம் வருது" என்று சொல்லிச் சிரித்தார். என்னைக் குத்துவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. பின்னர், "இப்ப பதினொண்டுக்கு ஆர் கணக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். அவரிடமே ஆறாம் வகுப்பு முதற் கணிதம் பயின்ற மாணவி ஒருத்தி, உயர்தரம் முடித்துவிட்டு வந்திருக்கிறாள். தொண்டர் ஆசிரியர். இப்போது கொடுப்பனவு 10,000 ரூபா. அவர் சிறிது நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கெட்டிக்காரி. கேத்திர கணிதம் மட்டும் கொஞ்சம் பயப்பிடுவாள். சொல்லிக் குடுங்கோ சேர், வரவுக் கொப்பியை எல்லாம் ஒவ்வொரு மாதமும் அதிபரிட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லி" என்றார். பஸ் வந்தது.

மறுநாள் அந்த மாணவியை, இல்லை, அந்த ஆசிரியையை, அலுவலகத்துக்கு அழைத்து வரவுக் கொப்பியைப் பார்த்தேன். கொரோனாவுக்குப் பின்னர் தவணை நாட்காட்டி பலமுறை குலைந்து, விடுமுறைகள் இடம்மாறிவிட்டன. உறுதிச்சீட்டுக் கட்டில் வெற்று மாதங்களும் இடம்மாறியிருந்தன, இல்லாமற் போகவில்லை. நான் இப்போது நலன்புரிச் சங்கத்தின் பொருளாளர். 2025 ஏப்ரலிலிருந்து எங்கள் அடிப்படைச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. முந்நூறு ரூபா என்பது இப்போது ஒருவருக்கும் பெரிய தொகையன்று. தொழிற்சங்க நண்பருடன் சேர்ந்து இரண்டு கடிதங்கள் வரைந்தோம். ஒன்று கணித ஆசிரியர் வெற்றிடம் பற்றி வலயத்துக்கும் மாகாணத்துக்கும். சம்பவத் திரட்டிலும் அதன் பிரதி பதியப்பட்டது. மற்றையது எங்கள் சங்கத்துக்கு, விடுமுறை மாதங்களுக்கும் உறுதிச்சீட்டு எழுதவேண்டும் என்று. முதலாவதற்குக் கிடைத்த பதில், விடயம் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது என்பது. இரண்டாவது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்காவது விடயமாக உள்ளது. இம்முறை கூட்டம் பாடசாலை முடிந்து, பிள்ளைகள் வீடு சென்ற பின்னர் இரண்டு மணிக்கு நடைபெறும். அவரும் வந்து அமரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.